நான்கு முறை விலைபோன செடி

ஜூலை இருபத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். காற்றில்லாத, இடியில்லாத, நின்று பெய்யும் மழை. எங்கள் கிருஷி பவனின் கூரை ஐந்து இடத்தில் ஒழுகியது. அலுவலகத்தில் இருந்த வாளிகள் நான்கு. ஐந்தாவது ஒழுக்கு என் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் செலின் சிஸ்டர் ஒரு பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தார். மேசை நனைந்திருப்பதைப் பார்த்து, எதிரில் கிடந்த நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, ஒரு ஆளை உட்கார வைப்பதுபோல அந்த டின்னை அதில் உட்கார வைத்தார். அவர் நின்றுகொண்டார்.

இதை எழுதச் சொன்னது அனுஷா. நான் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்காருகிற கிருஷி அசிஸ்டெண்ட். கேரளத்தில் பஞ்சாயத்துக்கு ஒன்றாக இருக்கும் வேளாண்மை அலுவலகம்தான் கிருஷி பவன். எங்களுடையது எல்லையோரத்தில், பாறசாலைக்குப் பக்கம். ஊழியர் மலருக்கு ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை கேட்கிறார்களாம். "சாருக்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டப்பட்ட கேஸ் ஒண்ணு எழுதுங்க. இப்பம் எல்லாரும் போன்ல இலைய படம் புடிச்சு நோயக் கண்டுபிடிச்சிருதாவ. முன்ன எப்பிடி சமாளிச்சியண்ணு பிள்ளையளு தெரிஞ்சுக்கட்டு" என்றாள். தென்னையில் வாடல், வாழையில் தண்டுத் துளைப்பான், நெல்லில் குலைநோய் என்று ஏதாவது எதிர்பார்த்திருப்பாள். போகிற போக்கில் என் முற்றத்தில் நிற்கும் செடியைத் தன் போனால் மூன்று தடவை படம் பிடித்தாள். முதல் தடவை அது ஏதோ சமையலுக்கான வாசனைத் தழை என்றது போன். இரண்டாம் தடவை சவுக்கு நாற்று என்றது. மூன்றாம் தடவை, படத்தில் செடியே இல்லை என்றது. எழுதினால் இந்தச் செடியைத்தான் எழுதுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வருட டிப்ளமோ. பாதிக் காலம் ஹாஸ்டல் சோற்றில் கல் பொறுக்குவதில் போயிற்று. மிச்சத்தில் எனக்கு முழுதாகத் தங்கியது மண் மாதிரி எடுக்கும் முறை ஒன்றுதான்.

டின்னைத் திறந்தால் ஈரப் பாசிக்குள் மூன்று செடிகள். சாண் உயரம். சவுக்கு இலையை நூற்றில் ஒன்றாகச் சுருக்கியதுபோல இலைகள், விறகுக் குச்சிபோலத் தண்டு. நோய் என்னவென்று கேட்டேன். நோய் இல்லை என்றார் சிஸ்டர். ஸ்காட்லாந்தில் மலைமலையாக இது கிடக்குமாம். பெயர் ஹெதர். ஆடு மாடுகூட அதை மிதித்துக்கொண்டுதான் போகுமாம்.

"பின்ன எதுக்கு இத்தன தூரம் சுமந்து கொண்டு வந்திய?"

"எனக்க மாப்பிளைக்க குழிமேல நின்னதாக்கும் சாரே."

செலின் சிஸ்டர் பக்கத்துக் கொல்லயில் ஊர்க்காரர். பத்தொன்பது வருடம் ஸ்காட்லாந்தில் ஒரு மலையோர ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய கணவர் ஜெபதாஸ் அங்கே பஸ் கழுவும் வேலை பார்த்து, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது அவரைக் கொண்டுவர வழியில்லை, செடியைக் கொண்டுவந்துவிட்டார். வெளிநாட்டுச் செடிக்கு அனுமதி வேண்டுமே என்று நான் பதறினேன். பையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினார். அத்தனை முத்திரை என் பிறப்புச் சான்றிதழில்கூட இல்லை.

"சாரே, இது மூணும் செத்துதுண்ணா நான் ரெண்டாவது தடவை விதவையாக்கும். பாத்துக்கிடுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டின்னின் மூடியை விடவில்லை.

இனி எங்கள் ஆபீசர் சோமசேகரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாருக்கும் உத்தரவிட்டதே கிடையாது. கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியில் துடைப்பார். வெளிச்சத்தில் பிடித்து, நம்மைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து, "தாணுலிங்கம், நமுக்கு ஒண்ணு போயி நோக்கியாலோ?" என்று மலையாளத்தில் மெதுவாகக் கேட்பார். நாம் ஒரு தடவை போய்ப் பார்த்தால் என்ன என்று அர்த்தம். அந்த 'நமுக்கு' என்பதில் அவர் ஒருபோதும் இருந்ததில்லை. காரோடு ஊரில் வயலுக்கு உப்புத் தண்ணீர் ஏறியபோது 'நாங்கள்' ஐந்து மணி நேரம் முழங்கால் சேற்றில் நின்றோம். சார் அலுவலகத்தில் இருந்தார். தென்னங்கன்று வினியோகத்தில் இரண்டு வார்டுக்காரர்கள் எங்களை அடிக்க வந்தபோதும் அடி வாங்க இருந்தது நான் ஒருவன்தான். ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் நிலைக்காது. நான் திரும்பி வரும்வரை மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கமாட்டார். எத்தனை மணியானாலும்.

அன்றைக்கும் கண்ணாடியைத் துடைத்தார். "மூணு செடி. நமுக்கு காப்பாத்தியாலோ?"

மறுநாளே கொல்லயிலுக்குப் போனேன். சிஸ்டரின் வீட்டு நிலம் பன்னிரண்டு சென்ட். மண் மாதிரி எடுக்க முதலில் மேல் சருகை ஒதுக்க வேண்டும். வளைந்து வளைந்து நடந்து ஒன்பது இடம் குறிக்க வேண்டும். வரப்பு, எருக்குழி, மரத்தடி ஆகாது. ஒவ்வொரு இடத்திலும் பாரையால் 'வி' வடிவத்தில் சாண் ஆழம் குத்தி, அதன் ஓரத்திலிருந்து மேலும் கீழும் ஒரே கனத்தில் ஒரு துண்டு சீவ வேண்டும். ஒன்பதையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி பகுத்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்ய வேண்டும். வேறு முறை எனக்குத் தெரியாது.

சிஸ்டரின் நாத்தனார் தங்கபாய் வாசற்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். "மூணு சட்டிச் செடிக்கு ஒம்பது குழியா? எனக்க கூடப்பொறந்தவனுக்கே ஒரு குழிதான் தோண்டினாவ."

"மண்ணு என்ன சொல்லுதுண்ணு பாக்கண்டாமா?"

"அது ஒண்ணும் சொல்லாது. சொல்லுதது எல்லாம் நீங்களாக்கும்."

சோதனையில் மண் நல்ல புளிப்பு என்று வந்தது. ஹெதருக்கு வேண்டியது அதே. எங்கள் செம்மண்ணுக்கும் ஸ்காட்லாந்து மலைக்கும் அந்த ஒரு பொருத்தம் இருந்தது. சோமசேகரன் சாருக்கு ஒரே சந்தோஷம். மண் பொருந்தினால் கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்றார். ஜாதகம் பொருந்திய எத்தனையோ கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

பொருந்தாதது மற்ற எல்லாம். மேலே வெயில். கீழே வெக்கை. கிணற்றில் மாதம் ஒரு தடவை சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுச் சுத்தமாக வைத்திருந்தார்கள்; அந்தச் சுத்தமான தண்ணீர் இந்தச் செடிக்கு விஷம். மழைத்தண்ணீர்தான் ஆகும். அதையும் மொட்டை மாடியிலிருந்து பிடிக்கக்கூடாது; சிமெண்டில் இறங்கி வரும்போது சுண்ணாம்பு சேர்ந்துவிடும். நேராக ஆகாயத்திலிருந்து வாளியில் விழ வேண்டும். அதற்கென்றே நீல வாளி ஒன்று வாங்கினேன்.

முதல் செடி ஆகஸ்டில் செத்தது. பத்து நாள் விடாமல் பெய்த மழையில் வேர் அழுகிவிட்டது. குடை பிடிக்கத் தோன்றவில்லை எனக்கு.

இரண்டாவது செடி அன்பினால் செத்தது. எங்கள் பக்கத்தில் செடிகள் பெரும்பாலும் சாவது அதனால்தான். ஒரு சனிக்கிழமை நான் போனபோது மிச்சமிருந்த இரண்டு சட்டிகளிலும் அடுப்புச் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் கழுத்தளவு கிடந்தன. தங்கபாய் பெருமையோடு பக்கத்தில் நின்றார்.

"யாரு இதப் போட்டது?"

"நானாக்கும். பட்டினி கெடந்து மெலிஞ்சுபோய் நிக்குது பாவம். எனக்க கத்தரிக்கு இதுதான் போடுவேன். கத்தரிய பாத்தியளா?"

கத்தரி வாழைபோல நின்றது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மண்ணைக் கொட்டி, வேரை மழைத்தண்ணீரில் ஏழு தடவை அலசி, புதிய மண்ணில் வைத்தேன். ஒன்று பிழைத்தது. ஒன்று மூன்றாம் நாள் பழுப்பாகி, ஆறாம் நாள் துடைப்பமாகிவிட்டது.

சோமசேகரன் சார் கண்ணாடியைத் துடைத்தார். ரோட்டோர நர்சரிகளில் நாற்பது ரூபாய்க்கு ஊதாப் பூச் செடி ஒன்று விற்கிறார்கள். இங்கே நட்டாலே வளரும். அதற்கும் ஹெதர் என்றுதான் பெயர் சொல்லுகிறார்கள். பார்வைக்கும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். "நமுக்கு அதே மாதிரி ரெண்டு வாங்கி வச்சாலோ?"

இதைச் சிஸ்டரிடம் நான் எப்படியோ மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க ஆபீசர் கலியாணம் கெட்டியவரா?"

"ஆமா."

"அவருக்க வீட்டுக்காரியிட்ட போய்க் கேளுங்க. இவரு போனா அதே மாதிரி ஒருத்தர வாங்கி வைப்பாவளாண்ணு."

அதன்பின் மூன்றாவது செடியை நான் கவனித்ததுபோல என் இரண்டு மகள்களையும் கவனித்ததில்லை என்று என் மனைவி சரோஜினி இன்றும் சொல்லுகிறாள். காட்டாக்கடைச் சந்தைக்குப் போய்ச் சூளையில் சரியாக வேகாமல் கறுத்த இடம் ஒன்றும் இல்லாத மண்சட்டிகள் இரண்டு வாங்கினேன். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதில் செடி. அதைப் பெரியதற்குள் இறக்கி, இரண்டுக்கும் நடுவில் ஆற்று மணல். மணலை நனைத்துக்கொண்டே இருந்தால் உள்சட்டி பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருக்கும். காலை ஒன்பதரை மணிவரை வெயில், பிறகு மாமரத்து நிழல், இலைக்கு நடுவே வெயில் இறங்கினால் மேலே ஒரு நிழல் வலை, மழை வந்தால் கூரைக்குக் கீழே. வெப்பமானி ஒன்று வாங்கி மண்ணில் குத்தி வைத்தேன். காலையில் அலுவலகம் போகும் வழியிலும் மாலையில் திரும்பும் வழியிலும் பார்த்தேன். என் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் கொல்லயில் வராது என்பதை மனைவி ஒரு தடவை நினைவூட்டினாள்.

செப்டம்பர் கடைசியில் அது பூத்தது. நெல்மணியைவிடச் சின்னதாக, மங்கிய ஊதா நிறத்தில் மணிகள். முதல் நாள் பதினாறு. சிஸ்டர் முக்காலி போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் எண்ணிச் சொன்னதும், "பதினேழு" என்று இலைக்குப் பின்னால் ஒன்றைக் காட்டினார்.

பிறகு சொன்னார்: "சாரே, அறுப்பின் பண்டிகைக்கு இத ஆலயத்துக்குக் கொண்டு போவணும். நேர்ந்திருக்கேன். ஒரு பூ பூத்தா கர்த்தருக்குண்ணு."

"பூவைத்தானே?" என்றேன்.

"செடிய. கோழிய நேர்ந்துட்டு யாராவது தூவலக் கொடுப்பாவளா?"

இங்கே எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அறுப்பின் பண்டிகையன்று சபையில் ஒவ்வொரு வீட்டாரும் முதற்பலன் கொண்டு வருவார்கள். வாழைக்குலை, சேனை, தேங்காய், முட்டை, சேவல், சில சமயம் ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் நடக்கும். லேலம் என்போம். சந்தை விலைக்கும் லேல விலைக்கும் சம்பந்தமில்லை; இருநூறு ரூபாய்ச் சேனை இரண்டாயிரத்துக்குப் போகும். வாங்கியவர் அதோடு விடமாட்டார். "திரும்ப லேலத்துக்கு!" என்று அதே பொருளைச் சபைக்கே கொடுத்துவிடுவார். அது மறுபடி விலைபோகும். அவரும் திரும்பக் கொடுப்பார். ஒரு வருடம் ஒரு சேவல் ஏழு தடவை விலைபோய், எட்டாவது தடவை தானே பறந்து ஞாயிறு பள்ளிக் கூரைமேல் ஏறிவிட்டதாம். சேவலுக்குப் பறக்கத் தெரியும்.

சிஸ்டரின் கணக்கு எளியது. செடியைக் கொடுப்பது, ஏலத்தில் தானே எடுத்துக்கொள்வது. அதற்கென்று பணமும் எடுத்து வைத்திருந்தார். முதற்பலனைத் தானே ஏலத்தில் எடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான். நேர்ச்சையும் தீரும், செடியும் வீட்டுக்கு வரும்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாழைக்குலைப் போட்டிக்கு நடுவர் என்று சோமசேகரன் சாரை அழைத்திருந்தார்கள். "நமுக்கு" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். நான் அந்தச் சபைக்காரன் இல்லை. எங்களுக்கு சாஸ்தா. ஆனாலும் பையில் இரண்டு லிட்டர் மழைத்தண்ணீரும் சட்டைப் பையில் வெப்பமானியும் கையில் குடையுமாகப் போய்விட்டேன்.

மழை விட்டு நான்கு நாளாகியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஏலம் விட்டவர் ஞானசிகாமணி, பழைய பஸ் கண்டக்டர். அவர் குரல் அடுத்த ஸ்டாப்புக்குக் கேட்கும். பதினொன்று ஐந்துக்குச் செடியை உள்சட்டியோடு தூக்கி வெயிலில் கிடந்த பெஞ்சின்மேல் வைத்தார். பெரிய சட்டியும் ஈர மணலும் வீட்டிலேயே நின்றுவிட்டன. அது கனமாம்.

"செலின் சிஸ்டருக்க செடி! ஸ்காட்லாந்துல இருந்து ஏரோப்பிளேன்ல வந்ததாக்கும்! ஐம்பது ரூவா!"

"கறிக்கு ஆவுமா?" என்றது பின்வரிசை.

"எலே, துளசிக்க அத்த மவள மாதிரி இருக்குலே" என்றது நடுவரிசை.

சிஸ்டர் எழுந்து, "ஐந்நூறு" என்றார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் காண்ட்ராக்டர் வில்சன் முன்வரிசையில் இருந்தார். ஜெபதாஸோடு பள்ளியில் படித்தவர். இறந்துபோன கூட்டுக்காரனின் செடி ஐந்நூறுக்குப் போவதா?

"ஆயிரம்! எனக்க ஜெபதாஸுக்காக!" என்று கண்ணீரோடு எடுத்தார். கைதட்டல். "திரும்ப லேலத்துக்கு!" மறுபடி கைதட்டல்.

நான் ஓடிப்போய், "செடிய நிழல்ல வைய்யும்" என்றேன்.

"நிழல்ல வச்சா ஆரு சாரே பாப்பாவ?" என்றார் ஞானசிகாமணி. சட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். நான் குடையை விரித்து அதன்மேல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். முற்றம் முழுவதும் சிரித்தது. "பொண்ணு அழைப்பா சாரே?" என்று யாரோ கேட்டார்கள். குடையை மடக்கச் சொல்லிப் பின்வரிசை சத்தம் போட்டது.

இரண்டாவது தடவை அதை எடுத்தது வேறு யாருமல்ல, சோமசேகரன் சார். ஆயிரத்து ஐந்நூறு. எனக்கு உயிர் திரும்பியது. அவருக்குத் தெரியும், செடியின் நிலைமை எல்லாம் தெரியும். அவர் எழுந்து, சபையைப் பார்த்துக் கைகூப்பி, "நமுக்கு இது திரும்பக் கொடுத்தாலோ?" என்றார்.

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக 'நமுக்கு' என்பதில் அவரே இருந்தார்.

மூன்றாவது தடவை பெண்கள் ஐக்கியம். இரண்டாயிரத்து நூறு. தங்கபாய்தான் தலைவி. "செலினுக்கு நாங்க செய்யாம ஆரு செய்வாவ?" என்று திரும்பக் கொடுத்தார்.

மணி பதினொன்று நாற்பது. வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன். மண்ணில் முப்பத்தெட்டு. நுனிகள் தொங்க ஆரம்பித்திருந்தன. இது வாழையல்ல, சாயங்காலம் தண்ணீர் விட்டால் நிமிர. ஒருமுறை காய்ந்தால் காய்ந்ததுதான். நான் சிஸ்டரைப் பார்த்தேன். ஐந்நூறு சொன்ன பிறகு அவர் வாயே திறக்கவில்லை. ஊரே ஜெபதாஸின் பெயரைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, நிறுத்துங்கள், அது எனக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வார்? கைக்குட்டையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். முற்றத்தில் நூற்றைம்பது பேர் அன்பாக இருந்தார்கள். அந்தச் செடி அதைத் தாங்காது.

"நாலாம் தரம்! யாரு கேக்கிய?"

"இரண்டாயிரத்து ஐந்நூறு" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையது.

வில்சன் உற்சாகமாகத் திரும்பினார். "மூவாயிரம்!" நான் மூவாயிரத்து இருநூறு. அவர் மூவாயிரத்து ஐந்நூறு. "ஐயா, விட்டுத் தாரும்" என்று கெஞ்சினேன். நான் போட்டிக்கு அழைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு நாலாயிரம் என்றார். "நாலாயிரத்து இருநூற்று ஐம்பது" என்றேன். அதற்குமேல் என்னிடம் இல்லை, அதுவும் இல்லை. ஆனால் வில்சன் எழுந்து என்னைக் கும்பிட்டார். "சாஸ்தா கோயில்காரரு எனக்க கூட்டுக்காரனுக்கு இவ்வளவு செய்யுதாரே. நான் விட்டுக் கொடுக்கேன்."

கைதட்டல் அடங்க அரை நிமிடம் ஆயிற்று. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"சொல்லும் சாரே! திரும்ப லேலத்துக்கு!" என்றார் ஞானசிகாமணி.

"இல்ல" என்றேன்.

ஆலய முற்றத்தில் அப்படி ஒரு அமைதியை ஆராதனையில்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பின்வரிசையில் ஒரு சேவல் மட்டும் கூவியது. சோமசேகரன் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "தாணுலிங்கம்," என்றார், "நமுக்கு அது..."

"நமுக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"எலே, கிருஷி சாரு செடிய கொண்டு போறாருலே!"

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கம் பெரிய அயினி மரம் ஒன்று உண்டு. அதன் நிழலில் சட்டியை இறக்கி, என் தோள் துண்டை நனைத்துச் சுற்றி, மழைத்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்து மூன்று என்று இறங்கியது. அங்கே ஞானசிகாமணியின் குரல் கேட்டது: "போறவரு போவட்டு. அடுத்தது சேனை!"

சிஸ்டர் வந்து எதிரில் நின்றார். நான் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். "கொண்டு போங்க."

"நான் எப்பிடி எடுப்பேன்?"

"நான் தருதேன்."

"நேர்ந்தத ஓசியில திரும்ப வாங்கினா அது நேர்ச்ச இல்ல சாரே, லோனாக்கும். நான் வெல கொடுத்து எடுக்கலாம்ணு நெனச்சேன். நடக்கல. இனி இது உங்களுக்குள்ளது."

"அப்பம் அந்த வெலைய எனக்குத் தந்து எடுங்க."

"லேலத்துல எடுத்தத மறிச்சு விப்பியளா? கர்த்தருக்க முற்றத்துல?"

அவர் குனிந்து செடியைப் பார்த்தார். "பொழைக்குமா?"

"ஒம்பது பூ உதிந்துபோச்சு. எட்டு இருக்கு. பொழைக்கும்."

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு அயினி வேர்மேல் உட்கார்ந்து அழுதார். நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெதர் இப்படித்தான் என் வீட்டு முற்றத்துக்கு வந்தது. மூன்று தவணையாகப் பணம் கட்டினேன். "சாஸ்தா உண்டியல்ல பத்து ரூவா போட ஒம்பது தடவை யோசிக்கிய மனுசன்" என்றாள் சரோஜினி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம். "அந்தப் பைசாய்க்கு நல்லமிளகுக் கொடி வாங்கி நட்டிருந்தா இப்பம் மாடி எழுப்பியிருக்கலாம்." ஆனால் செடிக்கு மழைத்தண்ணீர் தீர்ந்த கோடையில், குளிர்பெட்டியில் ஐஸ் கட்டி வைத்து மணலில் போட்டுக் காப்பாற்றியது அவள்தான். அது என் முறையில் கிடையாது.

செலின் சிஸ்டர் தினம் காலை ஆறரைக்கு வருவார். செடிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பார். பிறகு அவரும் சரோஜினியும் கணவன்மாரைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். இறந்தவருக்குக் கிடைத்த மதிப்பெண் உயிரோடிருப்பவனுக்குக் கிடைக்கவில்லை என்பது ஜன்னல் வழியாகக் கேட்டவரையில் என் கணிப்பு.

அறுவடை என்று ஒன்று இருந்தால் அது அடுத்த ஓணத்துக்கு வந்தது. ஏலம் முடிந்த மாதமே நான் செடியின் அடிக்கொப்பு ஒன்றை வளைத்து, தோலை நகத்தால் லேசாகச் சுரண்டி, பக்கத்துச் சட்டி மணலில் புதைத்து மேலே கல் வைத்திருந்தேன். பத்து மாதம் அதைத் தோண்டிப் பார்க்காமல் இருந்தேன். என் சுபாவத்துக்கு அது பெரிய காரியம். தோண்டியபோது பதினொரு வேர். அறுத்துப் பிரித்ததும் தனிச் செடி.

இது நேர்ந்த செடியா, நேராத செடியா? எனக்குத் தூக்கம் வரவில்லை. நேராகப் போதகரிடமே போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "கோழிய நேர்ந்து கொடுத்தா, அத லேலத்துல எடுத்தவரு வீட்டுல அது இடுத முட்டை ஆருக்கு?" என்றார்.

"எடுத்தவருக்கு."

"அவரு முட்டைய ஆருக்கும் கொடுக்கலாமா?"

"தாராளமா."

"பின்ன எதுக்கு இங்க நிக்கிய? போய்க் கொடும்."

சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டார். கல்லறைத் தோட்டத்தில் அவர் மாமனார் மாமியாருக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் மிச்சம் உண்டு. அது தனக்கு என்று சொல்லி, அங்கே இரட்டைச் சட்டியோடு இறக்கி வைக்கச் சொன்னார். "நான் வரும்ப அவரு முந்தியே வந்து நிக்கட்டு. எப்பவும் பஸ் ஸ்டாப்புல நான்தான் காத்து நிப்பேன்."

அயினி நிழல் பத்து மணிக்கே அங்கே வந்துவிடும். அளந்து பார்த்துத்தான் வைத்தேன். சாம்பல் போடக்கூடாது என்று பலகை எழுதி நட்டேன். இப்போது அங்கே நிற்பது அந்தப் பதியத்தின் பதியம்; பூத்துக்கொண்டிருக்கிறது. சிஸ்டரும் நன்றாகத்தான் இருக்கிறார்.

அந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு, ஊர்வாய் அடங்கட்டும் என்று சரோஜினி ஒரு சேவலை வாங்கி என் கையில் கொடுத்து அனுப்பினாள். அது மூன்று தடவை விலைபோனது. நான்காவது தடவை எடுத்தது சோமசேகரன் சார். ஞானசிகாமணி வாயைத் திறக்கும் முன்பே அவர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நமுக்கு இது திரும்பக் கொடுக்கண்டா" என்று சொல்லி நேராக ஜீப்பில் ஏறிவிட்டார்.

அனுஷாவுக்கு ஒன்று சொல்லிக்கொள்ளுகிறேன். இந்தக் கேஸுக்கு அலுவலகத்தில் எந்தத் தலைப்பிலும் செலவு எழுத இடமில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். லேலம் நாலாயிரத்து இருநூற்று ஐம்பது. சட்டிகள் இருநூற்று எழுபது. காட்டாக்கடைக்குப் போக வர பஸ் அறுபத்து நான்கு. வெப்பமானி இருநூற்று நாற்பது, நீல வாளி நூற்று அறுபத்தைந்து, நிழல் வலை நூற்று முப்பது, சேவல் நானூற்று ஐம்பது. சிஸ்டர் குடித்த காப்பியை எண்ணக்கூடாது என்று சமையலறையிலிருந்து உத்தரவு வந்ததால் அதை விட்டுவிட்டேன். மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்பது ரூபாய்.